தென்னாப்பிரிக்காவில் எந்த ஊரில் குடியேறுவது? குடும்பத்தோடு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாங்கள் 2016இல் திருச்சியிலிருந்து இங்கே வந்தோம். கணவருக்கு வேலை, எனக்குத் துணைவர் விசா, கூடவே இரண்டு பிள்ளைகள். நாலு வருஷம் ஜோகன்னஸ்பர்க்கில் இருந்தோம், அதன் பிறகு டர்பன். ஊரிலிருந்தும் துபாயிலிருந்தும் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது அழைத்துக்கொண்டே இருக்கிறார்கள். “கம்பெனி ஆஃபர் வந்திருக்கிறது, எந்த ஊரில் வீடு பார்க்கலாம்?” என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. அரைமணி நேரத் தொலைபேசிப் பேச்சில் பாதி விட்டுப்போகிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எந்த ஊர் நல்லது?

இதற்கு நான் திருப்பி ஒரு கேள்விதான் கேட்பேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு உங்கள் வீட்டில் இருக்கப்போவது யார்? அவர் ஒரு லிட்டர் பால் வாங்க வேண்டும் என்றால் எப்படிப் போவார்?

வேலைக்குப் போகிறவருக்கு எந்த ஊரிலும் அலுவலகம், கார், நாலு பேர் பழக்கம் என்று ஒரு நாள் அமைந்துவிடும். பிள்ளைகளுக்குப் பள்ளி அமைந்துவிடும். மீதி இருப்பவரின் பகல்பொழுது எப்படிப் போகப்போகிறது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு வருஷத்தில் மூட்டை கட்டித் திரும்பிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வேலை பிடிக்காமல் யாரும் திரும்பவில்லை. வீட்டில் இருந்தவரால் தாங்க முடியாமல்தான் திரும்பினார்கள். ஊரையும் வீட்டையும் அவரை வைத்துத் தேர்ந்தெடுங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த ஒரு எண்ணத்தில்தான் எழுதியவை.

துணைவர் விசாவில் வருகிறவர் வேலை பார்க்க முடியாதா?

முடியாது. வேலை விசாவில் வருகிறவரின் கணவனோ மனைவியோ கூட வந்து தங்கலாம், சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. செய்ய வேண்டுமென்றால் அவர் தனக்கென்று ஒரு வேலை விசா வாங்க வேண்டும். உங்கள் படிப்பும் அனுபவமும் இந்த நாட்டு அரசின் அரிய திறன்கள் பட்டியலில் வந்தால், ஊரில் இருக்கும்போதே அதற்கான வழியைப் பாருங்கள். பொறியாளர்கள், கணினித் துறையினர், மருத்துவத் துறையினர் சிலருக்கு அதில் இடம் உண்டு. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குத் தனியாகப் படிப்பு விசா வேண்டும். இதை மறந்துவிட்டு வந்து, பள்ளி வாசலில் நிற்கும்போது தெரிந்துகொண்டவர்கள் உண்டு.

நான் ஊரில் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள். வேலை செய்ய முடியாது என்று தெரிந்துதான் வந்தேன். ஆனால் தெரிந்து வருவதும், தினமும் அந்த வெறுமைக்குள் எழுந்திருப்பதும் வேறுவேறு. அதனால்தான் பகல் பதினொரு மணியைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

வேலை ஜோகன்னஸ்பர்க்கில் என்று முடிவாகிவிட்டது. அப்புறம் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கை ஒரு ஊர் என்று நினைக்காதீர்கள், நெடுஞ்சாலைகளால் கோத்த பல ஊர்கள் அது. வங்கிகளும் பெரிய கம்பெனிகளும் சாண்ட்டனில். வடக்கே மிட்ராண்ட், அதைத் தாண்டி செஞ்சூரியன், பிரிட்டோரியா. இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் சன்னிங்ஹில், ரிவோனியா, பால்ஷாஃப், மிட்ராண்ட் பக்கம் அதிகம். தென்மேற்கே லெனேசியா, நிறவெறிக் காலத்தில் இந்தியர்களை ஒதுக்கிக் குடிவைத்த பகுதி. இன்றும் இந்தியர்கள் நிறைந்த ஊர், தமிழ்க் கோயில்களும் உண்டு. ஆனால் சாண்ட்டனில் வேலை என்றால் தினமும் நீண்ட பயணம்.

நாங்கள் செய்த தவறைச் சொல்கிறேன். ஃபோர்வேஸில் அழகான காம்ப்ளெக்ஸ் ஒன்றில் வீடு எடுத்தோம். நீச்சல் குளம், புல்வெளி, வாசலில் காவலர், பிள்ளைகள் சைக்கிள் ஓட்ட இடம். படத்தைப் பார்த்து ஊரில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். வந்த பிறகுதான் புரிந்தது, வாசல் கேட்டைத் தாண்டினால் நடக்க நடைபாதையே இல்லை. கடைக்கு மூன்று கிலோமீட்டர், நடுவில் ஆறு வழிச் சாலை. எனக்கு அப்போது கார் ஓட்டத் தெரியாது. கணவர் காலை ஆறரைக்குக் கிளம்பினால் மாலை ஆறரைக்குத்தான் வருவார். பள்ளி வேன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனதும் கேட் மூடும். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பதினொரு மாதம் அப்படி இருந்தேன்.

குத்தகை முடிந்ததும் ரோஸ்பேங்க் பக்கம் சின்ன அடுக்குமாடி வீட்டுக்கு மாறினோம். ஒரு படுக்கையறை குறைந்தது, வாடகை கூடியது. ஆனால் நடந்து போகும் தூரத்தில் கடை, நூலகம், கௌட்ரெய்ன் ரயில் நிலையம். மெல்ரோஸில் இருக்கும் சிவசுப்பிரமணியர் கோயிலும் பக்கம்தான். நான் மறுபடி மனுஷியானது அந்த வீட்டில்தான்.

கௌட்ரெய்ன் 2010இல் விமான நிலையத்துக்கும் சாண்ட்டனுக்கும் இடையே தொடங்கியது. அடுத்த ஆண்டு பிரிட்டோரியா வரை நீண்டது. மொத்தம் பத்து நிலையங்கள்தான், ஃபோர்வேஸுக்கு வராது. சுத்தமான, நேரம் தவறாத ரயில். ஜோகன்னஸ்பர்க்கில் வீடு பார்க்கிறவர்கள் முதலில் அந்தப் பத்து நிலையங்களின் வரைபடத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் சுற்றித் தேடுங்கள் என்பேன்.

பொதுப் போக்குவரத்தை நம்பி இருக்கவே முடியாதா?

கார் இல்லாமல் குடும்பம் நடத்துவது எல்லா ஊரிலும் கஷ்டம். மக்கள் பெரும்பாலோர் போவது மினிபஸ் டாக்சியில். எந்த வழி வண்டி வேண்டும் என்பதை விரல் அசைவால் காட்டி நிறுத்த வேண்டும், புதியவருக்கு அது பிடிபட நாளாகும். ஊபர், போல்ட் பெரிய ஊர்களில் கிடைக்கும்.

வீட்டில் இருக்கப்போகிறவர் ஊரிலேயே கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, உரிமம் வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள். நகை வாங்குவதைத் தள்ளிப்போட்டாவது இதைச் செய்யுங்கள் என்று பெண்களிடம் சொல்வேன். ஆங்கிலத்தில் அச்சிட்ட இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் உரிமமும் எடுத்து வாருங்கள். இங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அது ஒரு வசதி. யாராவது வழி சொல்லும்போது “இரண்டாவது ரோபோட்டில் திரும்பு” என்றால் பயந்துவிடாதீர்கள், சிக்னல் விளக்குக்கு இங்கே ரோபோட் என்றுதான் பெயர்.

டர்பன் தமிழர் ஊர்தானே? அங்கே போனால் நம் ஊர் மாதிரி இருக்குமா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் இப்படி ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள், அதில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக. அவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களுக்குப் பிறந்தவர்களும்தான் இன்றைய டர்பன் தமிழர்கள். தெருப் பலகைகளிலும் கடைகளிலும் கோவெண்டர், மூட்லி, பிள்ளே, படையாச்சி, செட்டி என்று பார்ப்பீர்கள். கவுண்டர் கோவெண்டர் ஆனதும் முதலியார் மூட்லி ஆனதும் அந்தக் காலத்துப் பதிவேடுகளின் எழுத்தில்தான்.

இவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ் பேசமாட்டார்கள். வீட்டு மொழி ஆங்கிலம். புதிதாக வருகிற நம் ஆட்கள் இதைப் பார்த்து, “பேர் மட்டும்தான் தமிழ்” என்று முகம் சுளிப்பதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது மிகவும் வருத்தமாக இருக்கும். பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். புரட்டாசி மாதம் வந்தால் கவிச்சி தொடுவதில்லை, அதை ‘புர்ட்டாசி’ என்றே சொல்கிறார்கள். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். ஊரே விளையாடும் சீட்டாட்டத்துக்குப் பெயர் ‘துண்ணி’, நம்முடைய தண்ணிதான் அது. ஆங்கில எழுத்தில் எழுதிவைத்த தேவாரத்தைப் பார்த்துப் பாடும் ஒரு முதியவரைக் கோயிலில் முதன்முதலில் பார்த்தபோது நான் அழுதுவிட்டேன். அர்த்தம் தெரியாது, ஆனால் ஒரு சொல்லையும் விடவில்லை. நூற்றைம்பது வருஷமாகப் பள்ளியில் தமிழும் பெரும்பாலும் இல்லாமல், ஊர்த் தொடர்பும் இல்லாமல், கையில் இருந்ததைக் கீழே போடாமல் வந்தவர்கள் இவர்கள்.

மவுண்ட் எட்ஜ்கம்ப் பிள்ளையார் கோயில், காட்டோ மேனர் அம்பலவாணர் ஆலயம், இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் எல்லாம் தோட்டத் தொழிலாளர் காலத்திலிருந்து வருபவை. பெரிய வெள்ளி அன்று இசிப்பிங்கோவில் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் அதே நாளில் தீமிதி. கிறிஸ்தவ விடுமுறையில் ஏன் மாரியம்மன் திருவிழா என்று நானும் கேட்டேன். தோட்டத்தில் அவர்களுக்குச் சேர்ந்தாற்போல விடுப்பு கிடைத்தது அந்த நாட்களில்தான் என்றார் ஒரு பெரியவர்.

அதனால் டர்பனில் தமிழ் பேச ஆள் தேடாதீர்கள். அதற்கு ஜோகன்னஸ்பர்க்கில்தான் ஊரிலிருந்து வந்தவர்கள் அதிகம். ஆனால் பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒரு கிண்ணம் பிரியாணியோடு வாசலில் நிற்பார். அவர்கள் அதில் மைசூர்ப் பருப்பு போடுவார்கள், பழகிக்கொள்ளுங்கள். அந்தக் கிண்ணம் எனக்கு ஜோகன்னஸ்பர்க்கில் நாலு வருஷத்தில் ஒரு முறைகூட வரவில்லை.

டர்பனில் எந்தப் பகுதி?

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் இரண்டும் இந்தியர்கள் பெருமளவில் வாழும் பகுதிகள். 1950இல் வந்த குழுப் பகுதிகள் சட்டத்தால் நகரின் நல்ல இடங்களிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களைக் குடிவைத்து உருவானவை இவை. கோயில், காய்கறி, துணிக்கடை எல்லாம் பக்கத்தில் இருக்கும், வாடகையும் குறைவு. புதிதாக வருகிற குடும்பங்கள் வெஸ்ட்வில், முஸ்கிரேவ், ரிசர்வாயர் ஹில்ஸ், அம்ஷ்லாங்கா என்று பார்க்கின்றன. அம்ஷ்லாங்காவில் கடல் தெரியும், அலுவலகங்களும் இப்போது அங்கேதான் நகர்ந்துவிட்டன, வாடகையும் அதற்கேற்ப. முஸ்கிரேவ் பழைய பகுதி, நடந்தே பல வேலைகளை முடிக்கலாம். நாங்கள் வெஸ்ட்வில்லில் இருக்கிறோம். பள்ளிக்காகப் போனோம், அயலாருக்காகத் தங்கிவிட்டோம். ஒரு எச்சரிக்கை: ஜன்னலைத் திறந்துவைத்தால் குரங்கு வந்து வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போகும். தினமும்.

கேப் டவுன் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

அழகில் அதற்கு இணை இல்லை. மேசை மலையும் கடலும் ஒரே சன்னலில் தெரியும். நகராட்சி வேலைகளும் மற்ற ஊர்களைவிட ஒழுங்கு என்று பொதுவாகச் சொல்வார்கள், நான் பார்த்த அளவில் அது உண்மை. மைசிட்டி பேருந்து நகரின் ஒரு பகுதிக்கு உதவும். கணினித் துறையில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர் அங்கே நகர்ந்திருக்கிறார்கள். அதனால் வாடகை நாட்டிலேயே மிக அதிகம், பள்ளி இடமும் கிடைப்பது கடினம்.

இந்தியர்கள் அங்கே குறைவு. ரைலண்ட்ஸ், கிரேவன்பி என்ற இரண்டு பழைய இந்தியப் பகுதிகள் உண்டு. தமிழ்க் குடும்பங்கள் ஒருவரையொருவர் தேடிப்பிடித்துத்தான் சேர வேண்டும். அங்கே இருக்கும் என் தோழி, முதல் பொங்கலைத் தனியாக வைத்ததாகச் சொன்னாள். தனிமையைப் பொறுத்துக்கொள்கிறவர், நடக்கவும் மலையேறவும் பிடித்தவர் என்றால் கேப் டவுன் சரி. நாலு பேர் வந்து போகும் வீடு வேண்டும் என்கிறவருக்கு நான் சொல்லமாட்டேன்.

பிரிட்டோரியா?

ஜோகன்னஸ்பர்க்கைவிட அமைதி, வீடுகள் பெரிது. தூதரகங்கள், அரசு அலுவலகங்கள், ஆய்வு நிறுவனங்கள் அங்கே. இந்தியத் தூதரகமும் அங்கேதான், துணைத் தூதரகங்கள் மற்ற மூன்று ஊர்களில். மராபாஸ்தாட்டில் பழைய மாரியம்மன் கோயில் இருக்கிறது, கோபுரத்தைப் பார்க்கவாவது ஒருமுறை போங்கள். லாடியம் பழைய இந்தியப் பகுதி. ஹாட்ஃபீல்ட் கௌட்ரெய்ன் நிலையத்தைச் சுற்றிப் பார்த்தால் பகல் பதினொரு மணிக் கேள்விக்கும் நல்ல பதில் கிடைக்கும்.

வேலை சின்ன ஊரில் கிடைத்திருக்கிறது. குடும்பத்தை எங்கே வைப்பது?

செக்குண்டா, எமலஹ்லேனி, ரிச்சர்ட்ஸ் பே போன்ற தொழில் ஊர்களுக்கு நம் பொறியாளர்கள் நிறைய வருகிறார்கள். அங்கே வாடகை குறைவு, அலுவலகம் பத்து நிமிடம். குடும்பத்தை ஜோகன்னஸ்பர்க்கில் வைத்துவிட்டு வாரக் கடைசியில் வந்து போகலாம் என்று சிலர் திட்டம் போடுகிறார்கள். செய்யாதீர்கள். அந்நிய நாட்டில், வேலை செய்யும் உரிமை இல்லாத ஒருவரை, பிள்ளைகளோடு ஐந்து நாள் தனியே விடுவது அது. சின்ன ஊரிலேயே சேர்ந்து இருங்கள்.

பள்ளி எப்படி? எப்போது வர வேண்டும்?

ஊரைவிடப் பள்ளி முக்கியம் என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது, நாலு பருவம். நம் ஊரில் ஏப்ரலில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இங்கே வந்தால், ஆண்டின் நடுவில் சேர வேண்டும் அல்லது அரை வருஷம் காத்திருக்க வேண்டும். முடிந்தால் டிசம்பரில் வந்து இறங்குங்கள். முதல் வகுப்பில் சேர, அந்த ஆண்டு ஜூன் 30க்குள் ஆறு வயது நிறைய வேண்டும்.

அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டின் நடுவிலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஜோகன்னஸ்பர்க்கும் பிரிட்டோரியாவும் இருக்கும் கௌட்டெங் மாநிலத்தில் அரசுப் பள்ளிகளின் ஒன்றாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் இணையவழிச் சேர்க்கை. வீடு எந்தப் பள்ளிக்கு அருகில் என்பதைப் பொறுத்து இடம் கிடைக்கிறது. ஆகவே முதலில் பள்ளி, பிறகு அதைச் சுற்றி வீடு. அரசுப் பள்ளி என்றதும் ஒதுக்கிவிடாதீர்கள். பழைய நகர்ப்புற அரசுப் பள்ளிகள் பல மிக நன்றாக நடக்கின்றன. ஆனால் இலவசம் இல்லை. பள்ளி ஆட்சிக் குழு முன்வைக்கும் கட்டணத்தைப் பெற்றோர் கூட்டம்தான் முடிவு செய்கிறது, ஆண்டுக்குப் பல பத்தாயிரம் ராண்ட் ஆகும். தனியார் பள்ளி ஒரு லட்சம் ராண்டைச் சாதாரணமாகத் தாண்டும். ராண்டை ஏறத்தாழ ஐந்து ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பிறகு சம்பளம் பேசுங்கள்.

இரண்டாவது மொழியாக ஆஃப்ரிகான்ஸ் அல்லது ஜூலு படிக்க வேண்டிவரும். எட்டாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளைக்கு இது பெரிய சுமை. என் மூத்தவன் முதல் ஆண்டு ஆஃப்ரிகான்ஸ் நோட்டை எடுத்தாலே கண்கலங்குவான். சின்னவள் ஜூலுவில் பாடுகிறாள். வயதுதான் வித்தியாசம். பத்தாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளையை நடுவில் இழுத்துவராதீர்கள்.

பிள்ளைகள் தமிழை மறந்துவிடுவார்களே?

பள்ளியை நம்பினால் மறந்துவிடுவார்கள். டர்பன் பக்கம் சில பள்ளிகளில் தமிழ் விருப்பப் பாடமாக இருக்கிறது, கோயில்களும் தமிழ்ச் சங்கங்களும் வார இறுதி வகுப்பு நடத்துகின்றன. 1996இல் ஏற்ற அரசியலமைப்புச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய சமூக மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இதை என் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டினேன். தமிழ் இங்கே ஒளித்துப் பேச வேண்டிய மொழி இல்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

ஜோகன்னஸ்பர்க்கில் இருப்பவர்கள் பிள்ளைகளை பிராம்ஃபோன்டைன் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். தில்லையாடி வள்ளியம்மை அங்கேதான் இருக்கிறாள். இந்த ஊரில் பிறந்து, சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போய், 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் இறந்தவள். என் மகள் அந்தக் கல்லின் முன் நின்று, “அவளுக்கு என்னைவிட ஆறு வயதுதான் அதிகமா?” என்று கேட்டாள். அன்று வீட்டுக்கு வரும் வழி முழுக்கத் தமிழில்தான் பேசினாள்.

பாதுகாப்பு? செய்திகளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

பயம் பொய்யில்லை. திருட்டும் வழிப்பறியும் கார் பறிப்பும் நடக்கின்றன. ஆனால் ஊருக்கு ஊர் என்பதைவிடத் தெருவுக்குத் தெரு வேறுபடும். வீடு பார்க்கும்போது தரகரைக் கேட்காதீர்கள். எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, “இந்த ஆறு மாதத்தில் இந்தத் தெருவில் என்ன நடந்தது?” என்று கேளுங்கள். உண்மையைச் சொல்வார்கள். அலாரம் அடித்தால் ஆயுதத்தோடு வரும் தனியார் காவல் இங்கே மாதச் செலவில் ஒன்று, வாடகையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். சிக்னலில் நிற்கும்போது கைப்பையும் போனும் மடியில் இருக்கக் கூடாது. இருட்டிய பின் நடக்கக் கூடாது.

டர்பனைப் பரிந்துரைக்கிற நான் இதையும் சொல்ல வேண்டும். 2021 ஜூலையில் டர்பன் இருக்கும் குவாசூலு நேட்டால் மாநிலத்திலும் கௌட்டெங்கிலும் கலவரம் மூண்டு முந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கடைகள் சூறையாடப்பட்டன. எங்கள் தெருவில் ஆண்கள் முறை போட்டு இரவு முழுக்கக் காவல் நின்றார்கள், ரொட்டிக்கு வரிசையில் நாலு மணி நேரம் நின்றேன். 2022 ஏப்ரலில் வெள்ளம் வந்து நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. சரிவான நிலத்திலோ ஆற்றோரத்திலோ வீடு எடுக்காதீர்கள்.

மின்வெட்டு, தண்ணீர்?

‘லோட் ஷெடிங்’ என்று பட்டியல் போட்டு மின்சாரத்தை நிறுத்துவார்கள். 2023தான் மிக மோசம், 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு பெருமளவு குறைந்துவிட்டது. இருந்தாலும் இன்வெர்ட்டரோ சூரிய மின்பலகையோ இருக்கும் வீடாகப் பாருங்கள். இப்போதைய தொல்லை தண்ணீர். ஜோகன்னஸ்பர்க்கில் உயரமான இடங்களில் நாட்கணக்கில் குழாய் வறண்டுபோகிறது, தொட்டி வைத்த வீடு நல்லது. கேப் டவுனில் 2018இல் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐம்பது லிட்டர் என்று கட்டுப்பாடு வந்தது, மழை பெய்து அணைகள் நிறைந்த பிறகு நிலைமை மாறியது.

வெயில், குளிர்?

டர்பன் சென்னைக்காரருக்குப் பழகியதுதான், ஆனால் சென்னையைவிட இதம். ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன், ஜூலையில் இரவு உறைபனிவரை இறங்கும், வீட்டுக்குள் சூடாக்கும் வசதி பெரும்பாலும் கிடையாது. காற்று மிக வறண்டது. மூச்சுத்தொல்லை உள்ள பிள்ளை இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கேப் டவுனில் மழைக்காலமும் குளிர்காலமும் ஒன்றாக வரும்.

கறிவேப்பிலை, இட்லி அரிசி கிடைக்குமா?

டர்பனில் எல்லாம் கிடைக்கும். சாட்ஸ்வொர்த்தில் பங்களாதேஷ் மார்க்கெட் என்று ஒரு சந்தை. முருங்கைக்காய், கீரை, பச்சை மொச்சை குவிந்திருக்கும். கறிவேப்பிலை பாதி வீடுகளின் தோட்டத்திலேயே இருக்கும். ஜோகன்னஸ்பர்க்கில் ஃபோர்ட்ஸ்பர்க்குக்குப் போக வேண்டும். மற்ற ஊர்களில் கொஞ்சம் தேட வேண்டும்.

மருத்துவச் செலவு? அம்மா அப்பா வந்து தங்க முடியுமா?

தனியார் மருத்துவமனைகள் தரமானவை, ஆனால் ‘மெடிக்கல் எய்ட்’ என்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இல்லாமல் உள்ளே போக முடியாத அளவுக்குச் செலவு. புதிதாகச் சேருகிறவருக்கு மூன்று மாதமும், ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பன்னிரண்டு மாதமும் காத்திருப்பு வைக்க அந்தத் திட்டத்துக்கு உரிமை உண்டு. சேரும்போதே கர்ப்பமாக இருந்தால் அதையும் இதில் சேர்த்துவிடுவார்கள். இதைத் தெரியாமல் வந்து பிரசவச் செலவு முழுவதையும் கையிலிருந்து கட்டிய தம்பதியை எனக்குத் தெரியும். பெற்றோர் பொதுவாக மூன்று மாத வருகை விசாவில் வரலாம். சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லை. துபாய் வழியாக டர்பனுக்கே வந்து இறங்கலாம் என்பது முழங்கால் வலியுள்ள மாமியாருக்குப் பெரிய உதவி.

ஊரில் இருந்தபடியே வீட்டை முடித்துவிட்டு வரலாமா?

வேண்டாம். முதல் மாதம் தற்காலிகத் தங்குமிடத்தைக் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள். அந்த மாதத்தில், வீட்டில் இருக்கப்போகிறவர் தனியாக, கணவரோ மனைவியோ கூட வராமல், பார்க்கும் வீட்டிலிருந்து கடைக்கும் பள்ளிக்கும் ஒருமுறை போய்த் திரும்பிப் பார்க்கட்டும். அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

தேர்ந்தெடுத்தது தவறு என்று தெரிந்தால்?

மாறுங்கள். நான் பதினொரு மாதம் காத்திருந்தது எனக்குச் சட்டம் தெரியாததால். இங்கே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குடியிருப்பவர் இருபது வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்துக் குத்தகையை இடையில் முடித்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் நியாயமான ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான். நகரம் மாறுவது அதைவிடக் கடினம், ஏனென்றால் வேலை விசா பெரும்பாலும் அந்த முதலாளியோடு கட்டுண்டது. ஆனால் அதே கம்பெனிக்கு வேறு ஊரில் கிளை இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். என் கணவர் கேட்க இரண்டு வருஷம் தயங்கினார், மேலாளர் பத்து நிமிடத்தில் சரி என்றார்.

நாங்கள் டர்பனுக்குச் சாமான் ஏற்றிவந்தபோது கொரோனா ஊரடங்கு அப்போதுதான் தளர்ந்திருந்தது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 570 கிலோமீட்டர். வான் ரீனன் கணவாயைத் தாண்டி மலை இறங்க இறங்கக் காற்றில் ஈரம் ஏறியது. கரும்புக் காடு கண்ணில் பட்டதும் நான் ஜன்னலை இறக்கினேன். மறுநாள் செவ்வாய்க்கிழமை. பதினொரு மணிக்கு நானே காரை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போனேன்.